மணல் மூட்டையும் செவலைக் குதிரையும்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்பது எனக்கு இன்றைக்கும் குத்துமதிப்புதான். இருபத்தாறு வருடம் கயிறு பிடித்த விரல்கள் பேனாவையும் கயிற்றைப் போலவே இறுக்குகின்றன. தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கிறது. வாயால் சொல்லிவிடலாமே என்றால், நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு எழும்பாது. அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போடிக்கு மேலே குரங்கணியில் நான் சுமைக்குதிரைக்காரன். ஜீப்பு போகாத மலைக்குடிகளுக்கு அரிசி, உப்பு, உர மூட்டை கொண்டுபோவேன். இறங்கும்போது ஏலக்காய், காப்பிக்கொட்டை, எலுமிச்சை. மூன்று குதிரைகள் வைத்திருந்தேன். முதல் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடப்பேன். மற்ற இரண்டும் தானாகப் பின்னால் வரும். பாதி வாழ்க்கை என் பிடரியில் குதிரை மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது.

ஆனால் குதிரைமேல் நான் ஒரு நாளும் ஏறியதில்லை. எங்கள் சரிவில் குதிரைக்காரர் யாரும் ஏறமாட்டார்கள். குதிரையின் முதுகு சுமைக்கு உரியது. கால் நன்றாக இருக்கிறவன் நடக்க வேண்டும். சுமை இறக்கிவிட்டு வெறுங்குதிரையில் ஏறி ஒருவன் ஒருமுறை குரங்கணி டீக்கடைப் பக்கம் வந்தான். கடையில் இருந்தவர்கள் விடவில்லை.

"என்ன மாப்ளே, இன்னைக்கு மேல ஏலக்கா அகப்படலையா? ஒன்னையவே கட்டி அனுப்பிச்சிட்டாங்களா?"

"இறக்கி எடை போடுங்கப்பா, ஈரப்பதம் அதிகமாத் தெரியுது!"

அவன் அந்த வருடத்தோடு குதிரை வேலையை விட்டுவிட்டுத் தேவாரம் பக்கம் விவசாயத்துக்குப் போய்விட்டான். கேலி அப்படி.

ஜீப்பு பாதை ஒவ்வொரு குடியாக மேலே ஏற ஏற எங்களுக்குச் சோலி குறைந்தது. ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் வளைகுடா நாட்டில் டிரைவராக இருந்தார். அங்கே பெரிய குதிரை லாயம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். செல்போனில் முகம் பார்த்துப் பேசினார்கள். பேசியவர் லாயத்தின் மேனேஜர், மலையாளி. எஸ்டேட்டுகளில் பழகியதால் அவர் பேச்சு எனக்குப் புரிந்தது.

"குதிரை பரிச்சயம் உண்டோ?"

"இருபத்தாறு வருஷம் சார்."

அவ்வளவுதான். ஏறத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அங்கேயும் சுமை இருக்கும் என்றுதான் நினைத்தேன். மூன்று குதிரைகளையும் விற்றேன். இனி திரும்பி வந்தால் எனக்குப் பின்னால் நடந்துவர ஒன்றும் இல்லை. அதோடு சொந்தக்காரர்கள் எல்லாரும் போடி பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினார்கள். மாலை போடாத குறை.

போய் இறங்கிய முதல் நாளிலிருந்து நான் வாயைப் பிளந்துகொண்டேதான் நின்றேன். முதலில் அந்தத் தரை. சரிவே கிடையாது. எங்கள் ஊரில் ஒரு பீடி பற்றவைக்க ஒதுங்கினாலும் ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும். அங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் சமம். ஒரு வாரத்தில் கெண்டைக்கால் இரண்டும் வலியெடுத்து, இரவு தைலம் போட்டுக்கொண்டு படுத்தேன். மலை ஏறி வராத வலி தட்டைத் தரையில் வந்தது.

பிறகு குதிரைகள். அவைகளுக்கு ஏசி அறை. கீழே மரத்தூள் மெத்தை. நீந்துவதற்குக் குளம். பல் பார்க்கத் தனி டாக்டர். ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு என்று மேனேஜர் எடுத்துக் காட்டினார். அதில் அப்பன், ஆத்தா, பாட்டன் பெயர்வரை இருந்தது. என் பாட்டன் பெயரைக் கேட்டால் நான் யோசிக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் எடுத்த என் பாஸ்போர்ட் அதற்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தது.

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். "சேட்டா, லோடு எங்க இருக்கு? எங்க இருந்து எங்க கொண்டுபோகணும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்து லோடு? இது ரேஸ்குதிரை அண்ணாச்சி. பாலைவனத்துல நூறு கிலோமீட்டர், நூத்தி இருபது கிலோமீட்டர் ஓடற ரேஸ்."

"மேல என்ன வைப்பாங்க?"

"ஆளை வைப்பாங்க. உங்களை வைப்பாங்க!"

சரி என்று தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

குதிரைகளைப் பழக்குகிறவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. ஐம்பது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய தலைமுடி, வெயிலில் சிவந்த கழுத்து. எல்லாரும் மேடம் என்பார்கள். அவர் என்னிடம் ஒரு செவலைப் பெண்குதிரையை ஒப்படைத்தார். நாலு வயது. இதுவரை மேலே ஏறிய இரண்டு பேரையும் கீழே தள்ளியிருந்தாள், ஒருவருக்குத் தோள் எலும்பு விலகியது. மேடம் சொன்னதை மேனேஜர் தமிழாக்கினார். ஒரு மாதம் நான் அவளோடு பழக வேண்டும். குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, நடத்துவது. மாத முடிவில் நானே ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால் மூன்று வருடத்துக்கு வேலை. இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். அன்று இரவு போனில் இந்தக் கெடுவை என் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. என்னோடு வேலை பார்த்த ராஜஸ்தான்காரர், என் வயதுதான், பெரிய மீசை. அவர் ஒரு காலைத் தூக்கியதும் மறு கால் அந்தப் பக்கம் இருக்கும். நான் ஓரமாக நின்று பார்ப்பேன். குதிரையின் முகம் தெரியும், கழுத்து தெரியும், குளம்பு தெரியும். அவர் உட்கார்ந்த இடம் மட்டும் எனக்கு அந்நியமாக இருந்தது. கற்றுக்கொடுங்கள் என்று கேட்க நாக்கு வரவில்லை. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும்.

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எங்கள் ஊரில் இளங்குதிரையைச் சுமைக்குப் பழக்க ஒரு முறை உண்டு. முதலில் முதுகில் வெறும் சாக்கு. அது துள்ளுவதை நிறுத்தியதும் சாக்கில் வைக்கோல். பிறகு கொஞ்சம் மண். இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகும். நாளுக்கு நாள் கூட்டி, கடைசியில்தான் உண்மையான சுமை.

நான் அவளுக்கும் அதையே செய்தேன். விடியும்போது, மேடம் வருவதற்கு முன்னால், தீனிக் கொட்டகைக்குப் பின்புறம். ஓட்ஸ் வந்த காலிச் சாக்குகள் இருந்தன. வைக்கோல் கட்டு அவிழ்த்த கயிறு இருந்தது. மணலுக்கு அங்கே பஞ்சமா? முதல் நாள் சாக்கைப் போட்டதும் என்னைக் கொட்டகைச் சுவரோடு வைத்து நெருக்கினாள். மூன்றாம் நாள் முறைத்தாள். ஆறாம் நாள் காதை ஆட்டிக்கொண்டு நின்றாள். குதிரைகளை நிறுத்துப் பார்க்கும் மேடை ஒன்று அங்கே உண்டு. யாரும் இல்லாதபோது அதில் நான் ஏறி நின்று என் எடையைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு கிலோ. இருபத்தொன்பது, இருபத்தொன்பதாக மணலை நிறுத்து, என்னையே இரண்டாகப் பிரித்து இரண்டு சாக்கில் கட்டி அவள்மேல் போட்டேன். அவள் என் பின்னால் நடந்து வந்தாள். பிடரியில் மூச்சு பட்டது. அந்தத் தேசத்துக்கு வந்தபிறகு அன்றுதான் எனக்கு நெஞ்சு லேசானது.

திரும்பி வரும்போது கொட்டகை வாசலில் மேடம் நின்றுகொண்டிருந்தார். ஒரு குதிரைக்கு வயிற்றுவலி என்று சீக்கிரம் வந்திருக்கிறார். பக்கத்தில் மேனேஜர், ராஜஸ்தான்காரர். மேடத்தின் கையில் இருந்த காப்பிக் கோப்பை சாய்ந்து காப்பி மணலில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

மேனேஜருக்குத்தான் முதலில் வாய் வந்தது. "அண்ணாச்சி! எந்தா இது? இவளோட பாட்டன் மூணு நாட்டுல ஜெயிச்ச குதிரை! இவ மேல மணல் மூட்டையா?"

"பழக்குறேன் சார்."

"எதுக்கு? வீடு கட்டவா?"

மேடம் அருகே வந்தார். சாக்குக்கு அடியில் கையை விட்டு முதுகெலும்பை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். முடி கலைந்திருந்ததே தவிர புண் இல்லை. நான் சாக்கின் கீழே கம்பளி மடித்து வைத்திருந்தேன். அதையும் இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மேனேஜர் தமிழில் சொன்னார்.

"நீங்க ஏறிப் பழக்காம மண்ணை ஏத்தி ஏன் பழக்குறீங்கன்னு மேடம் கேக்குறாங்க."

இனி மறைக்க இடமில்லை. "எனக்கு ஏறத் தெரியாது சார்."

"தெரியாதா?"

"இதுவரைக்கும் எதுலயும் ஏறுனதில்ல."

"இருபத்தாறு வருஷம்னு சொன்னீங்களே!"

"ஆமா சார். நடந்தேன்."

மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவர்தானே என்னை எடுத்தது, அவருக்கும் பயம். இதை மேடத்துக்கு எப்படிச் சொன்னார் என்று தெரியாது. மேடத்தின் புருவம் மேலே போனது, இறங்கவே இல்லை.

சாக்கை இறக்கச் சொன்னார். சேணத்தைக் கட்டி ராஜஸ்தான்காரரை ஏறச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. திறந்தேன். அவர் மேலே இருந்தார், அவள் கீழே சும்மா நின்றாள். இரண்டு பேரைத் தள்ளியவள்! யாராலும் நம்ப முடியவில்லை. எனக்கும்தான்.

ஆனால் அவள் நகரவில்லை. ராஜஸ்தான்காரர் காலால் அழுத்தினார், நாக்கைச் சொடுக்கினார், இந்தியில் கெஞ்சினார். கல்தூண்போல் நின்றாள். கீழே கிடந்த கயிற்றில் அவள் கால் சிக்கிவிடுமே என்று நான் குனிந்து அதை எடுத்துக்கொண்டு முன்னால் இரண்டு எட்டு வைத்தேன். அவளும் இரண்டு எட்டு வைத்தாள். நான் நின்றேன், நின்றாள். நடந்தேன், நடந்தாள். அத்தனை பெரிய மீசையை நான் சாமி ஊர்வலம்போல் முற்றத்தைச் சுற்றிக் கூட்டிவந்தேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மீசைக்காரர் முகம் கருத்துவிட்டது.

மேடம் சிரிக்கவில்லை. நீளமாக எதையோ சொன்னார். மேனேஜர் என்னிடம் சொன்னார். "பாரம் எடுக்கப் படிச்சிட்டா. ஆனா உங்க முதுகைப் பாத்தாத்தான் நடப்பா. ரேஸ்ல நூறு கிலோமீட்டரும் நீங்க முன்னால ஓடுவீங்களான்னு கேக்குறாங்க."

எனக்கு அது கிண்டல் என்று புரியவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னேன். "முப்பது வரைக்கும் நடந்திருக்கேன் சார். ஓடுறது... பாக்கலாம்."

அதைக் கேட்டதும் மேடம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பி வரும்போது முகம் பழையபடி ஆகிவிட்டது. ஒரு குதிரை பின்னால் வரவே பழகிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு, நான் செய்த கெடுதல் எனக்கே புரியவில்லை என்று மேடம் சொன்னார். நான் புகுத்தியதை நானேதான் எடுக்க வேண்டும். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. கெடுவில் மாற்றமில்லை.

மறுநாளிலிருந்து என்னை ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரைமேல் ஏற்றினார்கள். நடுவில் மேடம் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார், குதிரை வட்டமாகச் சுற்றும். ஏறி உட்கார்ந்த அந்த முதல் நொடியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. குதிரையின் காதுகளை நான் அதுவரை பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. இரண்டு காதுக்கு நடுவே பாதை தெரிந்தது. தரை எங்கேயோ கிடந்தது. டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாரும் எதிரே வரிசையாக நிற்பதுபோல் வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னையறியாமல் குனிந்து சேணத்தைக் கட்டிப்பிடித்தேன்.

"நிமிர்ந்து உக்காரணும் அண்ணாச்சி! ராஜா மாதிரி!" என்று வேலிக்கு வெளியே மேனேஜர் கத்தினார்.

"எறங்கிரட்டுமா சார்?"

"எறங்கினா நேரே ஏர்போர்ட்!"

நாலு தடவை விழுந்தேன். நாலாவது தடவை விழுந்தபோது வெள்ளைக் குதிரை நின்று, குனிந்து என் தலையை முகர்ந்தது. ஐந்தாம் நாள் இடுப்பு அதன் நடைக்கு ஆட ஆரம்பித்தது. எட்டாம் நாள் மேடம் கயிற்றை எப்போது கழற்றினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு சுற்று வந்தபிறகுதான் கவனித்தேன், கவனித்ததும் பயந்து போனேன்.

ஒன்பதாம் நாள் காலை செவலையை முற்றத்தில் நிறுத்தினார்கள். நான் ஏறினேன். அவள் அசையவில்லை. பிறகு கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அவள் தேடுவது எனக்குத் தெரிந்தது. தினமும் முன்னால் நடந்த ஆளைத் தேடுகிறாள். என் வாசனை இருக்கிறது, ஆளைக் காணோம். மெதுவாகத் தலையைப் பின்னால் கொண்டுவந்து என் முழங்காலை முகர்ந்தாள். ஷூ நுனியை உதட்டால் தொட்டாள். ஏமாற்றிவிட்டேன் என்று தோன்றியது.

நடத்தும்போது சொல்வதையே சொன்னேன். "வா ஆத்தா. வா, போவோம்." குரல் மேலே இருந்து வந்ததும் இரண்டு காதும் என் பக்கம் திரும்பின. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு ஒரு எட்டு வைத்தாள். இன்னொன்று.

யாரும் முன்னால் இல்லை. கொட்டகையைச் சுற்றி, நான் அவளை மணலோடு நடத்திப்போன அதே தடத்தில் போனாள். நான் வழக்கமாகச் சாக்கை இறக்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டாள். இறக்குவதற்குக் காத்திருந்தாள். என் கால்கள் இரண்டும் தானாக இறங்கப் பார்த்தன. இருபத்தாறு வருடப் பழக்கம், குதிரை நின்றால் சுமையை இறக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இறங்கவில்லை. முழங்காலால் அழுத்தினேன். அவள் பெருமூச்சு விட்டாள், அது என் தொடைவரை வந்தது. பிறகு தடத்தைத் தாண்டி, இதுவரை நாங்கள் இருவரும் போகாத மணலில் காலை வைத்தாள்.

அன்று மதியமே ஆபீஸில் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். டிக்கெட்டோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று வருட ஒப்பந்தம். தமிழில் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் என் முதுகில் தட்டி, "நான் தப்பிச்சேன் அண்ணாச்சி" என்றார்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி எடுத்தாள்.

"ஏறிட்டேன். இன்னைக்குக் குதிரமேல ஏறிட்டேன்."

"குதிரமேலயா?" அவள் குரல் தாழ்ந்தது. "நம்ம ஊர்க்காரங்க யாரும் பாக்கலையே?"

"இங்க ஏது நம்ம ஊர்க்காரங்க. இங்க ஏறுறதுதான் வேலையே. வேலை உறுதியாயிருச்சு. மூணு வருஷம்."

டவர் கிடைக்கவில்லையோ என்று போனை மாற்றி மாற்றிக் காதில் வைத்தேன்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"என்ன, சந்தோசமில்லையா?"

"ஏறத் தெரியாத மனுசன, ஒரு மாசத்துல அனுப்பிச்சிருவாங்கன்னு நெனச்சேன்" என்றாள். "மூத்த மககிட்டகூடச் சொல்லல. வர்ற வெள்ளிக்கிழம மதுர ஏர்போர்ட்டுக்கு ஜீப்பு சொல்லி வச்சிருக்கேன். இப்ப அந்த ஜீப்புக்காரர்ட்ட என்னன்னு சொல்ல?"

நான் தோற்றுவிடக் கூடாது என்று போடியே காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாலு தடவை விழுந்து எழுந்திருக்கிறேன். நான் தோற்று வரவேண்டும் என்று ஒருத்தி நாள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம், என்னை இருக்கச் சொல்லி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் மலைக்குப் போகும்போதும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டிலும் கேட்கவில்லை.

"சரி, வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் அந்த வெயிலிலேயே நின்றேன்.

ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு விடுமுறை கொடுத்தார்கள். இப்போது ஊரில் இருக்கிறேன். அந்த ஜீப்பைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தோசை வார்த்துப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்க்கிறாள். இன்னும் பதினொரு நாளில் கிளம்ப வேண்டும். பேசத்தான் எனக்கு வராது. எழுதி இந்த நோட்டை அலமாரியில் அவள் சேலைக்கு மேலே வைத்துவிட்டுப் போகலாம் என்று இன்று காலையில் உட்கார்ந்தேன். அவளைப் பார்த்துச் சொல்வதாக எழுத வரவில்லை, அதனால் யாருக்கோ சொல்வதுபோல் எழுதியிருக்கிறேன். அவள் பத்தாவது வரை படித்தவள், என் எழுத்தையும் எப்படியாவது படித்துவிடுவாள்.

மாசி 9, சனிக்கிழமை.